பெரம்பலூர் வழியாகப் போன பொட்டலம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் என்னை நன்றாக அறிவீர்கள். அரசுப் பேருந்துகளில் இருபத்தாறு ஆண்டுகள் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவன். வண்டியில் ஏறியதும் யார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று தேடிய கண் இது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை. என் மனைவி பிலோமினா காபி கொடுத்தால்கூட நேற்றைய பாலோ என்று முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். இப்படிப்பட்ட ஒருவன் அக்காவைப் பற்றி எழுதத் தகுதியானவன் இல்லை. ஆனால் அக்கா விஷயத்தில் ஒருவரைப் பல ஆண்டுகளாகத் திருடி என்று நினைத்திருந்தேன். அதை அச்சில் சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில். அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் தலை வாரியதும் அக்காதான். முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்து அவர் விரல்களில் எப்போதும் தோட்டின் பால் பட்ட புண் இருக்கும். அந்தக் கையோடுதான் பள்ளிப் படிப்பை முடித்தார், திருச்சிக்குப் போய் நர்சிங் படித்தார். படித்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார் என்று அப்பா காத்திருக்க, கன்னியர் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மடத்துத் தலைவி மதரை அப்பா நேராகவே கேட்டார். "பொண்ண நீங்க கேட்டீங்களா, அதுவா வந்துச்சா?"

"அவங்களே வந்தாங்கய்யா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அப்பா. என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பதினைந்து ஆண்டுகள் நம் பக்கத்து மருத்துவமனைகளில் பணி செய்த பிறகு, ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டுக்கு மறைப்பணிக்கு அனுப்பினார்கள். உறவுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டுப் பணத்துக்காகப் போகிறார் என்றார்கள் சிலர். இங்கே ஏதோ தப்பு செய்துவிட்டதால் தூரமாக அனுப்புகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். சொன்னவர்களில் இருவர் இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. நானும் யோக்கியன் இல்லை. அரியலூர் ரயில் நிலையத்தில் வழியனுப்பும்போது அக்காவைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுக்கா. நீயா போறியா, அவங்க அனுப்புறாங்களா?"

"ரெண்டுந்தான்டா" என்று சிரித்தார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

அங்கிருந்து வந்த கடிதங்களும் போதவில்லை. எல்லாக் கடிதத்திலும் சுகம், மக்கள் அன்பானவர்கள், மழை நன்றாக இருக்கிறது. குறை ஒன்றுமே இல்லாத கடிதத்தை என்னால் நம்ப முடியாது. ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் அக்கா மனம் விட்டிருந்தார். காய்ச்சல் முற்றிய நிலையில் கொண்டு வந்த ஒரு குழந்தை, அக்கா ஊசி போட்ட மறுநாள் இறந்துவிட்டது. அந்த ஊசிதான் கொன்றது என்று ஊரில் பேச்சாகிவிட்டது. மருந்தகத்துக்கு யாரும் வருவதில்லை, வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார்கள், தினமும் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாலை வரை தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் அழுதேன். திரும்பி வந்துவிடு என்று பதில் எழுதினேன். மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில், 'இப்போது எல்லாரும் வருகிறார்கள், கவலைப்படாதே' என்று ஒரு வரி. எப்படி வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று ஒன்றும் இல்லை. நான் கேட்டு எழுதியும் பதில் இல்லை. எதையோ மறைக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அந்தக் காலத்தில்தான் முந்திரிப் பொட்டலம் அனுப்ப ஆரம்பித்திருந்தேன். தோப்பில் அறுவடை முடிந்ததும் நல்ல பருப்பாகப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே வெள்ளை வேட்டித் துணி சுற்றி, பிலோமினா கோணி ஊசியால் தைப்பாள். யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று தையலை நெருக்கமாகப் போடச் சொல்வேன். முனைகளில் அரக்கு வைப்பேன். பஸ் ஏறிப் பெரம்பலூரில் உள்ள மடத்துக்குப் போய் சிஸ்டர் அருள்மேரியிடம் கொடுப்பேன். மலாவிக்கு யார் போனாலும் அவர்தான் சாமான்களைச் சேர்த்து அனுப்புவார்.

ஒருமுறை நான் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சிஸ்டர் தேநீரோடு ஒரு தட்டில் வறுத்த முந்திரி கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடுங்க தம்பி, நல்ல பருப்பு" என்றார். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்தப் பருப்பின் அளவும் நிறமும் எனக்கு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நம் பக்கத்தில் முந்திரி எல்லார் வீட்டிலும் உண்டு என்ற சாதாரண விஷயம் அன்று என் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த பொட்டலத்தில் பொறி வைத்தேன். துணிக்கும் பைக்கும் நடுவில் ஒரு தாளை மடித்து வைத்துத் தைக்கச் சொன்னேன். தாள் கிடைத்தால் கடிதத்தில் ஒரு குறிப்பிட்ட கேள்வியை அக்கா கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். கடிதம் வந்தது. 'முந்திரி கிடைத்தது தம்பி, நன்றாக இருந்தது' என்று இருந்தது. கேள்வி இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தாள் வைத்தேன். ஒரு முறையும் கேள்வி வரவில்லை. விமான நிலையத்தில் பிரித்திருந்தால் பருப்பை எடுப்பார்கள், தாளை எதற்கு எடுக்கிறார்கள்? பெரம்பலூரில்தான் பிரிக்கிறார்கள், அக்கா இவர்களுக்குப் பயந்து 'கிடைத்தது' என்று எழுதுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஒருநாள் சிஸ்டர் அருள்மேரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். "எங்க ஊரு முந்திரி பெரம்பலூரத் தாண்டுறதில்ல போலிருக்கு சிஸ்டர்."

அவர் "நான் வெச்சுக்கறதில்ல தம்பி. போறவங்க கையில கொடுத்துடறேன்" என்றார். அதன் பிறகும் நான் கொண்டுபோன பொட்டலத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து அக்கா திரும்பி வந்தார். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். மருத்துவ அறிக்கையை வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். மடத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கடைசி நான்கு மாதம் என் வீட்டில் இருந்தார். வலியிலும் யாரையும் குறை சொன்னதில்லை. பக்கத்து வீடுகளில் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வதைப் படுக்கும்வரை நிறுத்தவில்லை. நான்தான் அவரை நிம்மதியாக விடவில்லை.

"பொட்டலம் கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சுதுன்னு எழுதினேனே."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"முந்திரி. வேற என்னடா இருக்கும்?"

வேறென்ன இருக்கும் என்று கேட்ட அந்த ஒரு வார்த்தையே எனக்குச் சாட்சியாகப் போய்விட்டது. இருந்தும் தாளைப் பற்றி அக்காவிடம் நான் வாய் திறக்கவில்லை. சிஸ்டரைக் காப்பாற்ற ஏதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சிஸ்டர் அருள்மேரி வாரம் தவறாமல் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து அக்காவுக்குத் தலை வாரிவிட்டு, செபமாலை சொல்லிவிட்டுப் போவார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறைவனிடம் சென்றார். பக்கத்தில் சிஸ்டர் அருள்மேரிதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். இங்கும் சொல்கிறேன். இறுதிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் நன்றி. டயாலிசிஸ் செய்யும் ஒவ்வொரு நாளும் நாங்கள் கேட்பதற்கு முன்பே காரோடு வாசலில் நின்ற லப்பைக்குடிக்காட்டு நண்பர் காதர் பாய்க்கு நன்றி. "துபாய்ல இருந்தப்ப என் உம்மாவுக்கு யாரோ செஞ்சாங்கள்ல" என்று சொல்லிக் கடைசிவரை பெட்ரோலுக்குக்கூட வாங்க மறுத்துவிட்டார். பங்குத்தந்தைக்கும், பாடகர் குழுவுக்கும், கல்லறை வெட்டியவர்களுக்கும் நன்றி. அன்று ஒரு பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். பலர் கவனித்தீர்கள். அந்தப் பெயருக்குரியவர் கூட்டத்தின் கடைசியில் தலை குனிந்து நின்றார்.

சென்ற மாதம் சிஸ்டர் அருள்மேரி ஒரு இளம் கன்னியரை என் வீட்டுக்கு அழைத்து வந்தார். பெயர் சிஸ்டர் கிரேஸ். அக்கா பணி செய்த மலாவி ஊரிலேயே பிறந்தவர், இப்போது திருச்சியில் படிக்கிறார். விடுமுறைக்கு ஊருக்குப் போய், அக்கா இறந்த செய்தியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என் ஆங்கிலம் பாஸ், டிக்கெட் என்ற அளவோடு சரி. அவர் சொல்லச் சொல்ல சிஸ்டர் அருள்மேரிதான் தமிழில் சொன்னார்.

அந்த ஊரில் ஒருவர் இன்னொருவருக்கு உண்ணக் கொடுத்தால், கொடுப்பவர் முதலில் எல்லார் முன்பும் உண்டு காட்ட வேண்டுமாம். விஷம் இல்லை என்று தெரிவதற்கு. குழந்தை இறந்த பிறகு அக்கா அப்படி உண்டு காட்டியும் யாரும் நம்பவில்லை. தான் உண்ட பக்கத்தில் மட்டும் ஒன்றும் கலக்காமல் விட்டிருப்பார் என்றார்களாம். அப்போதுதான் என் பொட்டலம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா அதைப் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஊர் கூடும் மரத்தடிக்குப் போய், "இது என் தம்பி தைத்து அனுப்பியது. என் கை உள்ளே படவில்லை. நீங்களே பிரியுங்கள்" என்று வைத்துவிட்டார்.

ஊரின் தலைவி தையலைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாளாம். ஓர் இடத்திலும் நூல் அறுந்திருக்கவில்லை, அரக்கு உடைந்திருக்கவில்லை. கத்தியால் கிழித்து, ஒரு பருப்பைத் தானே தேர்ந்தெடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தின்றுவிட்டு மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் தலைவியே தன் மகளின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் பொட்டலம் மரத்தடியில்தான் பிரிக்கப்பட்டது. அக்காவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஒரே ஒரு பருப்பு. நான் வருந்துவேன் என்று அதை எனக்கு எழுதவில்லை. நான் யாரையும் நம்பாமல் போடச் சொன்ன நெருக்கத் தையலை வைத்துத்தான் அவரை அந்த ஊர் நம்பியிருக்கிறது.

பிறகு சிஸ்டர் கிரேஸ் ஒரு சிறிய துணிப்பையைத் திறந்தார். உள்ளே என் தாள்கள், ஏழோ எட்டோ. துணியைப் பிரிக்கிறவருக்கே அந்தத் தாள் என்று அவர்களாக முடிவு செய்து, அக்காவின் கண்ணில் படாமல் துணிக்குள்ளேயே சுருட்டி எடுத்துக்கொள்வார்களாம். அக்காவின் தம்பி எழுதி அனுப்பும் செபம் என்று நினைத்து வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அக்காவிடம் காட்டினால் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று சந்தேகப்பட்டுக் காட்டவில்லையாம். அவர் இறந்த செய்தி கேட்டதும், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவரச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

முதல் தாளை சிஸ்டர் கிரேஸ் என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. சிஸ்டர் அருள்மேரி வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மனத்துக்குள் வாசித்தார். அதில் இருந்தது இதுதான்:

'அக்கா, இந்தத் தாள் உன் கைக்குக் கிடைத்தால் அடுத்த கடிதத்தில் நம் கறுப்புக் கிடாரி கன்று போட்டதா என்று கேள். நீ கேட்காவிட்டால், பெரம்பலூர் சிஸ்டர்தான் பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.'

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தாளை மடித்தார். சிஸ்டர் கிரேஸிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அக்கா நலமா, ஊரார் நலமா என்று தம்பி விசாரித்திருக்கிறார் என்று சொன்னதாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் மகிழ்ந்து தலையாட்டினார்.

அதன் பிறகு சிஸ்டர் அருள்மேரி என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"தம்பி, அந்தக் கறுப்புக் கிடாரி கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சுங்க சிஸ்டர்" என்றேன்.

அடக்கத்தன்று நான் விட்ட பெயர் சிஸ்டர் அருள்மேரி. அவருக்கு என் நன்றி. என்னை மன்னிக்க வேண்டும்.