ஜாஸுக்குப் பக்கம் திருப்பியவள்

மாத்தளைக்கு ஒரு வெள்ளைக்காரர் பியானோ வாசிக்க வருகிறார் என்றால் சும்மாவா? பல்லேபொலப் பக்கத்துத் தோட்ட பங்களாவிலிருந்து பியானோவை லொறியில் ஏற்றி வந்து, எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கினார்கள். வழியில் அதன் சுருதி என்ன ஆனது என்று யாரும் விசாரிக்கவில்லை.

விழாக் குழுத் தலைவர் ஓர் ஏலக்காய் வியாபாரி. பெரிய வித்துவான் என்றால் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து இசைத்தாளைத் திருப்ப வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சங்கீத டீச்சரான என்னைப் பிடித்துப் போட்டார். எனக்கோ தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க வேண்டிய கல்வி அதிகாரிதான் அன்றைய பிரதம விருந்தினர். எப்படி மறுப்பது?

வந்தவர் வியன்னாவில் வருஷக்கணக்காகச் சாஸ்திரிய இசை படித்தவர். பிறகு கப்பலில் வாசித்து, கொழும்பு ஹோட்டல்களில் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்து, ஜாஸ்காரராகி, அப்படியே முன்னேறி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார்.

முதல் பாதி சாஸ்திரிய இசை. இம்மி பிசகாமல் திருப்பினேன். அதிகாரி கொட்டாவி விட்டார். இடைவேளையில், “ஏன் அடிக்கடி அந்த அதிகாரியையே பார்க்கிறீர்கள்?” என்று பியானோக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். வேலை விஷயத்தைச் சொன்னேன்.

இரண்டாம் பாதி ஜாஸ். முன்னால் ஒரே ஒரு தாள், அதில் நாலே வரி. அவருடைய இடது கை நல்ல பிள்ளையாகத் தாளத்தோடு நடந்தது. வலது கை தன் இஷ்டத்துக்கு ஊர் சுற்றப் போய்விட்டது. படித்த படிப்பெல்லாம் விரல்களில் இருந்தது. வாசித்ததோ அந்த நிமிஷம் மனதில் தோன்றியதை. நான் எதைத் திருப்புவது?

சும்மா இருந்தேன். தலைவருக்குப் பொறுக்கவில்லை.

“என்னா டீச்சர் பாத்துக்கிட்டு இருக்கீங்க? திருப்புங்க!” என்று மேடை ஓரத்திலிருந்து கத்தினார்.

திருப்பினேன். பின்பக்கம் ஒன்றுமே இல்லை. பியானோக்காரர் கண்ணை இடுக்கி, அதைப் பார்த்துப் படிக்கிற பாவனையில் வாசித்தார். மறுபடி திருப்பினேன். ஒரே தாளைத் தோசை மாதிரி திருப்பித் திருப்பிப் போட, சபை கைதட்டியது.

முடிந்ததும் அதிகாரி மேடைக்கு வந்தார்.

“முதல்ல நீங்க சுமார்தான் டீச்சர். ரெண்டாவதுல பிரமாதம். உங்க வேகத்துக்கு வாசிக்க முடியாம அவருதான் பாவம், தடுமாறிட்டாரு” என்றார். அதையே ஆங்கிலத்தில் அவரிடமும் சொன்னார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மனுஷன் அதிகாரிக்குக் குனிந்து வணங்கினார்.

“உண்மைதான் ஐயா. இவருக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட டீச்சரை விட்டுவிடாதீர்கள்.”

“நாளைக்கே நிரந்தரமாக்க எழுதுறேன்” என்று அதிகாரி பெருமையோடு என் பக்கம் திரும்பினார்.

இரண்டாம் பாதி முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவளுக்கு, அப்போதுதான் அழுகை வந்தது.