வாட்ச்மேன் அக்கா கொண்டுவந்த மூடி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கிறது. அதன் மூடி ஓரத்தில் நசுங்கியிருக்கும். மேலே என் அம்மாவின் பெயரும் அதற்குக் கீழே கடம்பத்தூர் என்று ஊர்ப் பெயரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரக்கடைக்காரர் இடம் போதாமல் கடைசி எழுத்தை விளிம்பு வரைக்கும் தள்ளிவிட்டார். "இந்த நசுங்கின மூடிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? போட்டுட்டு வேற வாங்கலாம்" என்று என் மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். நான் அசைவதில்லை. இந்த மூடியால்தான் நமக்குச் சோறு கிடைக்கிறது என்பேன், அவள் சிரிப்பாள். முழுக் கதையையும் அவளிடம் சொல்வதற்கு எனக்குக் கலியாணமாகி ஐந்து வருஷம் பிடித்தது. வெட்கந்தான், வேறென்ன.

அப்போது நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தேன். ஏதோ கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேன் என்பதற்காக, மெஷின் பொருத்த வரும் வெளிநாட்டு இன்ஜினியர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றிக் காட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. மகாபலிபுரம், காஞ்சிபுரம், திருவள்ளூர் கோயில் குளம் என்று ஒரே பாதை. அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்று ஒரே விளக்கத்தை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? யானை எத்தனை, குரங்கு எங்கே என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த வருஷம் வந்திருந்த இன்ஜினியர் கொஞ்சம் வேறு மாதிரியான மனிதர். நரைத்த தாடி, அதிகம் பேசமாட்டார், காரில் போகும்போது ஜன்னலை இறக்கிவிட்டு வயலையே பார்த்துக்கொண்டு வருவார். மூன்று ஞாயிறுகளில் நம் கோபுரங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "கூட்டம் வராத இடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். பயிற்சி முடிகிற எட்டுப் பேரில் யாரை நிரந்தரமாக்கலாம் என்று மேலதிகாரிகள் அவரிடமும் கேட்கப் போகிறார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன கேட்டாலும் இல்லை என்ற சொல் என் வாயில் வராத காலம் அது.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஒரு செம்மண் மேடு. லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மனிதர்கள் கல்லை உடைத்துக் கோடரி செய்த இடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. ஓடை, முள்செடி, வெயில், கல், அவ்வளவுதான். வருகிறவர்கள் பாதிப் பேர் காரைவிட்டு இறங்கி, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருந்தவரை ஊரில் எல்லாரும் வாட்ச்மேன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. பெண்ணை எப்படி வாட்ச்மேன் என்று கூப்பிடுவது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆந்திர எல்லைப் பக்கம் பிறந்தவர் என்பதால் வயசு வித்தியாசமில்லாமல் ஆண்களையெல்லாம் நைனா என்பார். தினக்கூலி வேலைதான். ஆனால் அதைக் கலெக்டர் வேலை மாதிரிப் பார்த்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எவராக இருந்தாலும் வேலிப் படலருகே நிற்க வேண்டும். அங்கே தரையில் ஒரு சிவப்புத் துண்டை விரித்து வைத்திருப்பார். அதன்மேல் பாக்கெட்டைத் திருப்பி உதற வேண்டும், செருப்பைக் கழற்றித் தட்ட வேண்டும், பெண்கள் கைப்பையைக் கவிழ்க்க வேண்டும். சிலுப்பிக்கொள்கிறவர்களிடம், "கோச்சிக்காத நைனா. ஆளுக்கு ஒண்ணு தூக்கிக்கினு போனா நாளைக்கு இங்க இன்னா கீது? நானும் கொடையும்தான் கீறோம்" என்பார். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த ஒருவரே செருப்பைத் தட்டிவிட்டுப் போனதாக ஊரில் சொல்வார்கள். ஒன்றை மட்டும் அவர் தொடமாட்டார். சோற்றுப் பையை. எவ்வளவு பெரிய பையாக இருந்தாலும் சரி, சாப்பாடு என்று சொல்லிவிட்டால் போதும். "சோத்துப் பையில நான் கை வைக்கமாட்டேன். அது அவங்கவங்க ஊட்டு விஷயம்" என்பார். நான் அதைக் கவனித்து மனதில் போட்டுக்கொண்டேன். அப்போதே எனக்குக் கெட்ட புத்தி இருந்ததா, பிறகுதான் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் அங்கே மூன்று மணி நேரம் நின்றார். மகாபலிபுரத்தில்கூட அவர் அப்படி நின்றதில்லை. ஓடைக்கரையில் ஒரு கல்லூரி மாணவர்கள் சில கல் கோடரிகளை, கிடந்தது கிடந்தபடியே விட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய ஆணி அடித்துவைத்திருந்தார்கள். படம் வரைந்து அளவெடுக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது. அக்கா குடை நுனியால் காட்டி, "இத்த மட்டும் தொடாதீங்க. புதன்கெழம பசங்க வந்து முடிப்பாங்க. எடம் மாறிச்சின்னா எல்லாம் போச்சி" என்றார். நான் அதை இன்ஜினியருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய மாங்கொட்டை போலிருந்த ஒரு கல்லை நெடுநேரம் பார்த்தார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "என் மேஜைமேல் இப்படி ஒன்று இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்" என்றார். ஆசைப்பட்டுச் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். எனக்கு அது உத்தரவாகக் கேட்டது.

அவர் கார் பக்கம் போனதும், அக்கா வேறு ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அந்த மாங்கொட்டைக் கல்லை எடுத்தேன். புளிச்சோறு தின்று கழுவிய டிபன் பாக்ஸில் வைத்தேன். மூடி பொருந்தவில்லை. கல் மேலே துருத்திக்கொண்டு நின்றது. மூடியை வேப்பமர வேரில் வைத்துவிட்டு, டப்பாவைச் செய்தித்தாளால் சுற்றி மஞ்சப்பைக்குள் திணித்தேன். அவசரத்தில் மூடியை அங்கேயே மறந்துவிட்டேன். படலருகே பாக்கெட்டை உதறினேன், செருப்பைத் தட்டினேன். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றி உதறினார். அக்கா என் மஞ்சப்பையைப் பார்த்தார். "சோத்துப் பையா நைனா? போ போ" என்றார். அன்று மாலை விருந்தினர் விடுதியில் கல்லை அவர் கையில் கொடுத்து, ஊர்க்காரர்கள் உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தது என்றேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

மறுநாள் மதியம் கேட் செக்யூரிட்டி போன் பண்ணினார். "சார், உன்னைப் பாக்க ஒரு அம்மா வந்துகீறாங்க. நீ எதையோ மறந்துட்டு வந்துட்டியாம்." வெளியே போய்ப் பார்த்தால் அக்கா. ஊத்துக்கோட்டை போய் பஸ் மாறி, பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து, வெயிலில் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கையில் என் அம்மா பெயர் வெட்டிய மூடி. முந்தின நாள் சாயங்காலம் அவர் ஆணிகளை எண்ணியபோது ஒரு ஆணிக்குப் பக்கத்தில் கல் இல்லை. மரத்தடியில் மூடி கிடந்தது. பார்வையாளர் நோட்டில் கடம்பத்தூர் என்று ஊரும் கம்பெனி பெயரும் என் கையெழுத்திலேயே இருந்தன. திருடனே விலாசம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் போலீஸ் எதற்கு? செக்யூரிட்டி காது கேட்கும் தூரத்தில்தான் நின்றிருந்தார். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலையோடு மானமும் போய்விடும். அவர் செக்யூரிட்டி பக்கம் திரும்பி, "பாவம், மூடிய மறந்துட்டாரு. ஊட்ல திட்டுவாங்க இல்ல, அதான் கொண்டாந்தேன்" என்றார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"மூடி இங்க கீது. உள்ள இன்னா வச்சிக்கினு வந்த நைனா?"

எனக்கு அழுகைதான் வந்தது. "இப்ப அழுது இன்னா ஆவப் போவுது? நாளன்னிக்கி பசங்க வராங்க. அதுக்குள்ள கல்லு அங்க இருக்கணும். இல்லன்னா மொத ஆளா என்னத்தான் ஊட்டுக்கு அனுப்புவாங்க. அந்தக் கூலியிலதான் எங்க ஊட்ல அடுப்பு எரியிது. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா அவங்க கேட்டா பொய் சொல்லமாட்டேன், தெரிஞ்சிக்கோ" என்றார். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் கிளம்பி வந்திருந்தார். கேண்டீனில் ஏதாவது சாப்பிடச் சொன்னதற்கு, "மொதல்ல அத்தப் பாரு, பேஜாரு பண்ணாத" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.

இன்ஜினியரிடம் போய் நின்ற அந்த ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. அவர் செவ்வாய் இரவு ஊருக்குக் கிளம்புகிறார், பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. அன்பளிப்பு இல்லை, திருடியது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. பெட்டியைத் திறந்து, காலுறைக்குள் சுற்றிவைத்திருந்த கல்லை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நான் கேட்டேனா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவர் மேலதிகாரிகளிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த மாதமே நிரந்தரம் ஆனார்கள். எனக்கு இன்னும் ஆறு மாதப் பயிற்சி என்று கடிதம் வந்தது. கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு போனேன். ராத்திரி தூறியிருந்தது. கல் கிடந்த பள்ளம் கரைந்திருக்கும், எப்படி வைப்பது என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தால், ஆணிக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டி கவிழ்ந்திருந்தது. அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு செங்கல். தன் சோற்றுச் சட்டியையே கவிழ்த்துப் பள்ளத்தைக் காப்பாற்றியிருந்தார் அக்கா. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து அதில் சமைக்கவில்லை, நான் கல்லோடு திரும்பி வருவேன் என்று நம்பி வைத்திருக்கிறார். சட்டியை எடுத்ததும் ஈரமில்லாத மண்ணில் கல்லின் அச்சு அப்படியே தெரிந்தது. மண் ஒட்டியிருந்த பக்கத்தைக் கீழே வைத்து இறக்கினேன். நகத்தளவு இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அக்காவும் பக்கத்தில் வந்து குந்தி அதைப் பார்த்தார்.

கிளம்பும்போது வழக்கம்போல் துண்டை விரித்தார். பாக்கெட்டை உதறினேன், செருப்பைத் தட்டினேன். பிறகு, கேட்காமலேயே மஞ்சப்பையை அவர் முன்னால் பிரித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூடு நைனா. சோத்துப் பைய நான் பாக்கமாட்டேன்னு சொல்லிகீறேன் இல்ல?" என்றார். என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். திருடினவன் என்று தெரிந்தபிறகும் என் சோற்றுப் பையைச் சோதிக்காமல் அனுப்பினாரே, அதைத்தான் தாங்கமுடியவில்லை. பூண்டி ஏரிக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு அழுதேன்.

புதன்கிழமை வந்த மாணவர்களிடம் அவர் சொன்னபடியே பொய் சொல்லவில்லை. "ஒருத்தரு எடுத்தாரு, திருப்பி வச்சிட்டாரு. யாருன்னு கேக்காதீங்க" என்றிருக்கிறார். அவர்களின் ஆசிரியர் நன்றாகத் திட்டினாராம். ஆனால் வேலையைவிட்டு அனுப்பச் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு நேராக நோட்டில், இடம் பெயர்த்து மீண்டும் வைக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்களாம். அடுத்த முறை நான் போனபோது இதை அக்கா சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் குத்தியது. லட்சக்கணக்கான வருஷம் ஒரே இடத்தில் கிடந்த கல்லின் கணக்கில், என் பெயரில்லாமல் என் குற்றம் ஏறிவிட்டது. அதை இனி யாராலும் எடுக்கமுடியாது.

சில வருஷங்களுக்குப் பிறகு அக்கா வேலையைவிட்டு, சூளூர்ப்பேட்டைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் நம்பர் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பேசினால், "மூடிய பத்தரமா வச்சிகீறியா நைனா?" என்று கிண்டல் செய்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார். நான் இன்னும் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறேன். ஞாயிறு வேலையும் என்னிடமேதான் இருக்கிறது, ஆனால் இப்போது நானாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போகிறவர்களை இந்தச் செம்மண் மேட்டுக்கும் கட்டாயம் கூட்டிவருவேன். இறங்குவதற்கு முன்னால் காரிலேயே சொல்லிவிடுவேன், ஒரு கூழாங்கல்கூடக் கையில் ஏறக்கூடாது என்று. என் குரலில் இருக்கும் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் என் மனைவியையும் மகளையும் கூட்டிப்போனேன். கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட பஸ் ஒன்று நின்றிருந்தது. சிவப்புத் துண்டு இல்லை. காவலுக்கு ஒரு இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டோம். வெளியே வரும்போது நான் அவர் முன்னால் நின்று பாக்கெட்டைத் திருப்பி உதறினேன், செருப்பைத் தட்டினேன், மஞ்சப்பையைப் பிரித்து டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினேன். "இன்னா சார், யாரு கேட்டா? சோத்து டப்பாவப் போயி காட்டிக்கினு கீற" என்று சிரித்தார் அவர். என் மகளும் சிரித்தாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த நசுங்கிய மூடியை அவளே வாங்கி, அம்மாவின் பெயரை ஒருமுறை கட்டைவிரலால் தடவிவிட்டு, டப்பாவை அழுத்தி மூடினாள்.