தோப்ரிலா காட்டாத கட்டைவிரல்

காட்டினால் கடை மிஞ்சும், காட்டாவிட்டால் போகும் என்ற நிலையில், ஒளிக்க எதுவுமே இல்லாத ஒரு கட்டைவிரலை ஒருத்தி ஏன் ஒளிக்க வேண்டும்? தோப்ரிலாவின் வாழ்க்கை எங்கள் தெருவுக்குப் போட்ட கேள்வி இதுதான். தெருவில் எல்லோரிடமும் விடை இருந்தது. விடை இல்லாமல் போனது, அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு மட்டும்.

எங்கள் ஊரான பித்தோலாவில் குளிர்சாதனப் பெட்டி ஆலை மூடியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினைந்து வருடம் பெட்டிக் கதவுகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டியவள். கணவன் வேலை தேடி இத்தாலிக்குப் போனான். வேலை கிடைத்தது, கூடவே இன்னொரு குடும்பமும் கிடைத்தது. தோப்ரிலா மூன்று மாதம் நகப்பூச்சு கற்றுக்கொண்டு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை போட்டாள். ஒரு மேஜை, நாலு நாற்காலி, பூச்சை உலர்த்த ஓர் ஊதா விளக்கு. பதினோரு வருடமாக அவளுக்குச் சோறு போட்டது அந்த அறைதான். அறை கிளிகோருக்குச் சொந்தம். மேல் மாடியில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். கிளிகோர் நல்ல மனிதர் என்றே சொல்லலாம், அவரிடம் யாரும் எதையும் கேட்காதவரை.

2018 செப்டம்பர் கடைசி ஞாயிறு அந்த வாக்கெடுப்பு நடந்தது. நாட்டின் பெயருக்கு முன்னால் ‘வட’ என்று சேர்த்துக்கொண்டால், தெற்கே இருக்கும் கிரேக்கர்கள் ஐரோப்பாவின் கதவை மறிக்காமல் விலகி நிற்பார்கள் என்பது ஒப்பந்தம். சம்மதமா என்று மக்களைக் கேட்டார்கள். வாக்குச்சீட்டில் அந்தப் புதுப் பெயரை மட்டும் அச்சடிக்கவில்லை. படிப்பவர்களின் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். ஆதரவாளர்கள் போய் ‘ஆம்’ போட வேண்டும். எதிர்ப்பாளர்கள் ‘இல்லை’ போடக்கூடத் தேவையில்லை, வீட்டில் இருந்தால் போதும். பாதிப் பேர் வராவிட்டால் வாக்கெடுப்பு செல்லாது. ஆக, யார் என்ன போட்டார் என்பது ரகசியம். சாவடி இருந்த பள்ளிக்கூட வாசலை யார் தாண்டினார் என்பது ரகசியமில்லை. தெருவின் பகிஷ்காரக் குழுத் தலைவர் கிளிகோர். பள்ளிக்கு எதிரே இருந்த காபிக் கடையில் காலை ஏழு மணிக்கே தன் ஆட்களோடு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஜனநாயகத்தை அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் கவனித்ததில்லை. மதியம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, தானும் சாப்பிடப் போகிறேன் என்று ஒரு மணி நேரம் மட்டும் எழுந்து போனார்.

தோப்ரிலா அன்று வாக்களிக்கவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். விடிந்ததிலிருந்து சாவடி மூடும்வரை அவள் எங்களோடு கொல்லைப்புறத்தில் நாற்பது கிலோ சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அதை அய்வார் என்ற தொட்டுக்கொள்ளும் விழுதாகக் கிண்டி ஜாடியில் அடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்க வெறும் ரொட்டிதான்.

“போய்ட்டு வரலையா?” என்று நான் கேட்டேன்.

“நாட்டுப் பேரை அடுத்த வாரம்கூட மாத்திக்கலாம் வாத்தியாரே. மிளகாய் நாளைக்கே அழுகிடும். நீங்க கரண்டியை நிறுத்தாதீங்க, அடி பிடிக்குது.”

அன்று இரவு முடிவு வந்தது. நூற்றில் முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களில் தொண்ணூற்றொரு பங்கு ‘ஆம்’. மாபெரும் வெற்றி என்றது அரசு. மாபெரும் வெற்றி என்று எதிர்ப்பாளர்களும் கைகோத்து வட்டம் போட்டு ஆடினார்கள். தோற்றவர்களே இல்லாத நாடாக நாங்கள் அன்று உயர்ந்தோம். வராதவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்றது அரசுத் தரப்பு. வராதவர்கள் அத்தனை பேரும் மௌன வீரர்கள் என்றார் கிளிகோர். குடைமிளகாயைப் பற்றி இரு தரப்பும் வாயே திறக்கவில்லை.

சாவடியில் வாக்களிப்பவரின் வலது கட்டைவிரலில் ஒரு மை பீய்ச்சுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஊதா விளக்கில் மட்டும் மின்னும், ஒரு வாரமாவது போகாது. தோப்ரிலாவின் விளக்கும் அதே ஜாதிதான் என்பது செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. அன்று நகம் உலர்த்த வந்தவள் வியோலெத்தா. நகராட்சி அலுவலகத்தில் வேலை. ஐரோப்பா ஐரோப்பா என்று மாதம் முழுக்கக் கொடி பிடித்தவள். அவள் வலது கை விளக்கின் கீழே போனது. கட்டைவிரல் இருட்டாகவே கிடந்தது. அடுத்த நாற்காலியில் காத்திருந்தவள் கிளிகோரின் மனைவி பாவ்லினா.

“என்னடி வியோலெத்தா, ஐரோப்பா உன் விரல்ல ஒட்டவே இல்லையே?”

“நான் கையைச் சுத்தமா கழுவுறவ. உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது.”

பொழுது சாய்வதற்குள் காபிக் கடைக்குச் செய்தி போய்விட்டது. நம் விரல்கள் சுத்தம் என்பதை ஊருக்கே காட்டுவோம், நாளை மதியம் எல்லோரும் அந்த விளக்கின் கீழே கை வைப்போம் என்று குழு தீர்மானம் போட்டது. தீர்மானத்தை வாசித்தவர் கிளிகோர்.

மறுநாள் கடை திறக்கும் முன் அவர் தனியாக வந்தார். பின்னறையில் நான் ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

“இது போகுமாம்மா?”

“என்னண்ணே, மையா?”

“கத்தாதே. பையன் ஜெர்மனியில பத்து வருஷமா விசாவுக்கு அலையறான். நாமும் ஐரோப்பாவுல சேர்ந்துட்டா அவனுக்கு ஒரு வழி பிறக்கும்னு... பாவ்லினாவுக்குக்கூடத் தெரியாது.”

“அப்போ நாள் முழுக்க வாசல்ல உட்கார்ந்து ஊரைக் காவல் காத்தது?”

“அது கொள்கை. இது பையன்.”

இதைவிடத் தெளிவாக அந்தப் பிரிவினையை யாரும் சொல்லி நான் படித்ததில்லை. தோப்ரிலா வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, பூச்சை அழிக்கும் அசிட்டோன் ஊற்றித் தேய்த்தாள். தோல் போனது, மை போகவில்லை. கடைசியில் விரலைச் சுற்றித் தடிமனாகக் கட்டுப் போட்டு, “கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லுங்க” என்று அனுப்பிவைத்தாள்.

மதியம் பத்தொன்பது தேசபக்தர்கள் நகப்பூச்சு வாசனையில் வரிசையாக நின்றார்கள். பதின்மூன்று விரல்கள் சுத்தம். மீதி ஆறில் கட்டு. அந்த வாரம் பித்தோலாவின் கதவுகள் மிக ஆபத்தானவையாக இருந்தன என்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் கசாப்புக் கடை ஸ்பாசே திரும்பினான். “எல்லார் விரலையும் பார்த்தாச்சு. விளக்குக்காரி விரல்? கையுறையைக் கழட்டு தோப்ரிலா.”

“நகம் வெட்டணுமா ஸ்பாசே? உட்காரு. இல்லேன்னா வழியை விடு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பாசே மட்டும் சிரிக்கவில்லை. “பார்த்தீங்களா? போட்டிருக்கா! கிளிகோர் அண்ணே, உங்க கூரைக்குக் கீழேயே ஒரு துரோகி!”

கிளிகோரின் முகம் சிவந்தது. “காட்டிடும்மா. ஒரு நிமிஷ வேலை.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“என் விரல் அண்ணே.”

“காட்டலேன்னா இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ணிடு.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப எடுக்க முடியாது.

தோப்ரிலா அவர் விரலில் இருந்த கட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முனை பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இழுப்பு போதும். கடை பிழைத்துவிடும், கிளிகோர் பிழைக்க மாட்டார். அவள் கை நீட்டி அந்த முனையை அழுத்தி ஒட்டிவிட்டாள்.

“பிரிஞ்சு வருது அண்ணே, பார்த்துக்குங்க.”

அன்று மாலை அவளிடம் சொன்னேன். “நீ போகவே இல்லை. நான் சாட்சி சொல்றேன்.”

“சொல்லாதீங்க வாத்தியாரே. சொன்னா அடுத்த வருஷம் நாற்பது கிலோவையும் நீங்களே தோலுரிக்கணும்.”

நான் சொல்லவில்லை. அதை நாகரிகம் என்று அன்று நினைத்துக்கொண்டேன், பயமாகவும் இருந்திருக்கலாம்.

பகிஷ்காரக்காரர்களின் மனைவிகள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஆதரவாளர்களின் மனைவிகள் வந்து அவள் தைரியத்தைப் பாராட்டிவிட்டு, வேறு கடையில் போய் நகம் பூசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் வியோலெத்தா வந்தாள்.

“நகராட்சிக் கடை ஒண்ணு காலியா இருக்குடி, நல்ல இடம். ‘ஆமா, ஓட்டுப் போட்டேன்’னு ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

“நீ போட்டியா?”

“என் விஷயம் வேற.”

“என் விஷயமும் வேறதான்.”

அக்டோபர் மூன்றாவது வாரம், பெயரை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்களில் சிலருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. எண்ணிக்கைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேருக்கு மட்டும், சரியாக. செல்லாமல் போன வாக்கெடுப்பு செல்லுபடியாகும் வேலையைச் செய்து முடித்தது. பகிஷ்காரக் குழு கூடுவதை நிறுத்தியது. எதற்காகக் கோபப்பட்டோம் என்பதில் ஸ்பாசேவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடையைக் காலி செய்யும் தேதி மட்டும் மாறாமல் இருந்தது. யாருக்கும் அதைப் பற்றி முதலில் பேசத் துணிவில்லை.

மாதக் கடைசி நாள் கிளிகோர் வந்தார். விரலில் கட்டு இல்லை. நான் மேஜையைத் தூக்க உதவிக்கு வந்திருந்தேன். என்னைப் பார்த்தும் அவர் தயங்கவில்லை.

“இப்போ யார் விரல்லயும் மை கிடையாது தோப்ரிலா. எல்லாம் தேய்ஞ்சு போச்சு. சும்மா அந்த விளக்குக்குக் கீழே கையை வை. நான் பார்த்தேன், சுத்தம்னு சொல்லிடுறேன். அவ்வளவுதான். இதே கடையில இரு, பத்து வருஷம் இரு. எனக்கும் ராத்திரி தூக்கம் வரும்.”

அவர் சொன்னது உண்மை. அந்தச் சோதனையில் இப்போது யாராலும் தோற்க முடியாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் பார்த்து வைத்திருந்த அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது.

தோப்ரிலா கொத்திலிருந்து கடைச் சாவியைத் தனியே பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஏம்மா?” என்றார் கிளிகோர். அவர் குரல் கெஞ்சியது. “ஏன் தோப்ரிலா?” என்று நானும் கேட்டேன்.

“மேஜையை அந்தப் பக்கம் பிடிங்க வாத்தியாரே,” என்றாள் அவள். “கால் ஒண்ணு ஆடுது, பார்த்துத் தூக்குங்க.”