தெரு பிடித்து வைத்த சோடாப் போத்தல்கள்

இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப் போகிறாய்? சட்டியில் சோறா வேகப் போகிறது? ஏதோ நான் சுவர் ஏறிக் குதித்த மாதிரி, "நீங்களும் ஸ்டிரைக் பண்ணீங்களாமே பாட்டி" என்று கேட்கிறாய். நான் எந்தச் சுவரும் ஏறவில்லை. இந்தச் சிங்கப்பூர்த் தேக்காவில் நாலு கடை தூரம் நடந்தேன், அவ்வளவுதான். சரி, உட்கார். காலை ஆட்டாதே.

என் வீட்டுக்காரருக்கு அப்போது சோடாக் கம்பெனி லாரியில் வேலை. லாரிக்கு ஒரு டிரைவர், பெட்டி தூக்க இரண்டு ஆள். பெட்டியின் இரண்டு பக்கமும் பிடி இருக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கடைவீடுகளின் ஒடுங்கிய மரப்படியில் மேலே ஏற்றுவார்கள். இறங்கும்போது காலிப் போத்தல்களை வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் கம்பெனி, இனி ஒரு ஆள் போதும் என்றது. என் வீட்டுக்காரர் பெட்டியை முதல் படியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பிடி ரெண்டு இருக்கு. இன்னொண்ணை யாரு பிடிக்கறது, முதலாளியா?" என்று கேட்டாராம். மத்தியானமே வேலை போய்விட்டது.

மறுநாள் லாரிக்காரர்கள் ஒருத்தரும் வண்டி எடுக்கவில்லை. அவரைத் திரும்ப எடு, இரண்டாவது ஆளையும் கொடு என்று கம்பெனி வாசலில் மழைமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் சோறு கொண்டு போவேன். மரத்திலிருந்து பூ விழுந்துகொண்டே இருக்கும். தலையில், தட்டில், தூங்குகிறவர் வாயில். அத்தனை பெரிய ஆம்பளைகள் பட்டப்பகலில் சும்மா படுத்திருப்பதைப் பார்த்தால், மந்திரம் போட்டுத் தூங்க வைத்த ராஜா அரண்மனைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நான் மெதுவாகத்தான் நடப்பேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்கு லாரி வந்தது. கம்பெனி புது ஆட்களை வைத்து வண்டியை ஓட்டிவிட்டது. எங்கள் கடைவீட்டு மாடியில் நாலு குடும்பம், நாலுக்கும் சேர்த்து வாரம் ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை என்றால் என் கை தானாகவே காலிப் போத்தல்களைக் கழுவிப் படியோரம் வைத்துவிடும். அன்றைக்கும் வைத்துவிட்டேன். தெருவே வைத்துவிட்டது. அந்த ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அவர் வந்து, படியோரம் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தார்.

"காலியை நீயா குடுத்தே?"

"வெள்ளிக்கிழமையாச்சேன்னு..."

"காலிப் போத்தல் வந்தாத்தான் உள்ள மெஷின் ஓடும். புதுப் போத்தல்னா கப்பல்ல வரணும். நாங்க வாசல்ல கெடக்கறோம், நீ பின்னால கழுவிக் குடுக்கறே." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே லாரி ஓடினா, என் வேலை போனது போனதுதான்."

நான் அடுப்படியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அந்த நேரத்தில் எண்ணெய் பார்க்கிற பெண்டாட்டியைக் கண்டால் கொஞ்சம் பயப்பட வேண்டும். அது அவருக்கு அப்போது தெரியாது.

அடுத்த வாரம் தெருவில் குடித்த போத்தல் எதுவும் காலியாக நிற்கவில்லை. நான் நல்லெண்ணெய் ஊற்றினேன். அடுத்த வீட்டு அக்காவை ஊற்றச் சொன்னபோது, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார். முன்னாலேயே வாங்கி வைத்தால் எண்ணெய் கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டேன். அப்புறம் ஒருத்தி தேங்காய் எண்ணெய், ஒருத்தி சீயக்காய்த் தூள். எதிர்வீட்டுக்காரி வெறும் தண்ணீரை ஊற்றி, சாமி தீர்த்தம் என்றாள். நான் தேக்காவில் ஒவ்வொரு காப்பிக் கடையாக ஏறி இறங்கினேன். அதில் ஒரு கடையின் முதலாளி, சீனத் தவுக்கேக்கு என் வீட்டுக்காரரை நன்றாகத் தெரியும். முட்டி வலிக்கு அவர் கொடுத்த தைலம்தான் எங்கள் வீட்டில் இருந்தது. அவர் தன் காலிகளை எல்லாம் பின்கட்டில் அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கேட்டவர்களிடம் மலாயில் "பெலும் ஹாபிஸ்" என்றார். இன்னும் குடித்து முடியவில்லையாம்.

வெள்ளிக்கிழமை புது ஆட்கள் வந்தார்கள்.

"அக்கா, காலி போத்தல்?"

"காலியா இல்லையே தம்பி. உள்ள எண்ணெய் இருக்கு."

"எப்பக்கா தீரும்?"

"எங்க வீட்டுக்காரர் தேய்ச்சுக் குளிச்சாத் தீரும். வேலைக்குக் கூப்பிடட்டும், அன்னைக்கே குளிச்சிடுவாரு லா."

அவன் சிரித்துவிட்டான். பாவம், அவனும் ஒரு பெட்டியைத் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு நின்றான்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால், நடந்ததா, கனவு கண்டேனா என்றே தெரியவில்லை. ஜன்னலோரம் பச்சைப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். மத்தியான வெயில் அதற்குள் நுழைந்து வந்து அறையெல்லாம் குளத்தடி மாதிரி ஆகிவிடும். ராத்திரி முறைக்குக் கம்பெனி வாசலில் இருந்துவிட்டு வந்து, தரையில் அவர் படுத்திருப்பார். பச்சை வெளிச்சம் அவர் நெற்றியில் மெல்ல ஊர்ந்து, மூக்கைத் தாண்டிப் போகும். கல்யாணமான நாளிலிருந்து அதுவரை பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எழுப்பவே மனம் வராது. வேலை போய்விடுமே என்ற பயம் அந்த வெளிச்சத்துக்கு வெளியே, படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கும்.

தேக்காவைப் பார்த்து மற்ற இடங்களிலும் காலியைப் பிடித்து வைத்தார்கள். பிறகு ஒருநாள் மெஷின் நின்றது. லாரிகள் காலிப் பெட்டிகளைச் சுமந்து ஊரைச் சுற்றிவிட்டு, காலிப் பெட்டிகளோடேயே திரும்பின. கம்பெனி, வாசலில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பேசியது. லாரிக்குப் பழையபடி இரண்டு ஆள். என் வீட்டுக்காரருக்கும் வேலை உண்டு. ஆனால் தேக்கா பக்கம் இல்லை, தீவின் மேற்குக் கோடியில் ஜூரோங்.

அப்போது ஜூரோங்கில் என்ன இருந்தது? குன்றை வெட்டிச் சதுப்பில் கொட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த ஆட்களுக்குத்தான் சோடா. செம்மண், லாரி, மறுபடியும் செம்மண். விடியுமுன் போய், புருவம் வரை சிவந்து வருவார். தேக்காவைவிட்டு அவரை விரட்டத்தான் அப்படிப் போட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.  நான் அவர் துண்டை இரண்டு தரம் அலசினேன்.

அக்கம்பக்கத்தில் விடுவார்களா? தண்டனை கொடுத்துவிட்டார்களாமே என்று குழாயடியில் இழுத்தார்கள். நான் வாளியை நிரப்பிக்கொண்டு சொன்னேன்:

"தண்டனையா? யாரு அக்கா சொன்னது? ஜூரோங் முழுசையும் எங்க வீட்டுக்காரர் கையில குடுத்திருக்காங்க. இன்னும் ரோடு மட்டும்தான் போடலை. போட்டதும் சொல்றேன், எல்லாரும் வாங்க."