வசிஷ்டருக்குப் பக்கத்தில் இன்னொன்று

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கே திரும்பக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் வீட்டுக்காரர் மெர்லிமாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி. அந்த மாதம் முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் உட்காரமாட்டார். வாசலுக்குப் போவார், கொல்லைக்குப் போவார், தண்ணீர் கேட்பார், கொண்டுவந்து கொடுத்தால் குடிக்கமாட்டார். நடுவில் திடீரென்று, "ஒரு நடை ஊரைப் பார்த்தா தேவலை" என்பார். "நானும் வரட்டுமா?" என்றால், "உனக்கெதுக்கு அந்தக் கப்பல் கஷ்டம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

நான் இங்கேயே, தெங்கேராவில் பிறந்தவள். அப்பா அங்கே தையல் கடை வைத்திருந்தார். இவர் ஊரிலிருந்து தனி ஆளாக வந்தவர். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்று வந்து நின்றது எங்கள் தோட்டத்துக் கங்காணி குடும்பம் மட்டும்தான். கங்காணிக்கு இவருடைய பக்கத்து ஊர். அங்கே ஒருத்தியும் இங்கே ஒருத்தியுமாகக் குடும்பம் நடத்துகிற ஆண்கள் அப்போது கொஞ்சமில்லை. பசாரில் கீரை வாங்கிக்கொண்டே பெண்கள் சிரித்துப் பேசுகிற சமாச்சாரம் அது. நம் வீட்டில் நடக்கும் என்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை. "உனக்கெதுக்கு" என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. சோறு பொங்கும்போதும் அதே கேள்வி, துணி அலசும்போதும் அதே கேள்வி. ஊரில் இவருக்கு ஒருத்தி இருக்கிறாளா, அவளைப் பார்க்கத்தான் போகத் துடிக்கிறாரா?

கேட்கவும் வாய் வரவில்லை. இல்லை என்றால் நம்பமாட்டேன். ஆமாம் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரைக்கு வேலை போய், அவர் பங்களாச் சாமான்களை லேலோங் விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலியும் பீங்கானும் ஏலத்தில் எடுத்து வந்தார்கள். இவர் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பித்தளைக் குழாய், மூன்று மரக்கால். ஒரு கால் குட்டை. அதற்கு மரத்தில் ரப்பர் பால் பிடிக்கிற மங்கு ஒன்றைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தார். இது எதற்கு என்று கேட்டேன். "சும்மா பார்க்கறதுக்கு" என்றார். வீட்டில் இருக்கிறவளை நிமிர்ந்து பார்த்தே பல நாள் ஆயிருந்தது. இதில் வானத்தை வேறு பார்க்க வேண்டுமாம்.

முதல் நாள் சாயங்காலம் இருட்டினதும் கொல்லையில், பப்பாளி மரத்துக்கு இந்தப் பக்கம், அதை நிறுத்தினார். கங்காணி வீட்டு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். வந்ததுமே, "சோறு வடிச்சி, கொழம்பும் எறக்கி வச்சிட்டுத்தான் வரேன். இன்னிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல" என்று பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கொசுவுக்கு நான் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டேன். புகை கண்ணாடியை மறைக்கிறது என்று அவர் எரிந்து விழுந்தார். அணைத்தேன். அப்புறம் கொசு கடிக்கிறது என்று அதற்கும் எரிந்து விழுந்தார்.

முதலில் பிறையைக் காட்டினார். "அம்மை வார்த்த மூஞ்சி மாதிரில்ல இருக்கு" என்றாள் அக்கா. எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிற்கவில்லை. கண்ணை வைத்து மூச்சு விடுவதற்குள் குழாய்க்கு வெளியே நழுவிப் போய்விடும். அவர் திருகைத் திருப்பிப் பிடித்துக் கொடுப்பார், மறுபடியும் நழுவும்.

"ஒரு எடத்துல நிக்காதா இது?" என்றேன்.

"அது நிக்குது. நாமதான் ஓடறோம்" என்றார்.

பிறகு வடக்கே திருப்பி, சப்தரிஷி மண்டலத்தில் வால் பக்கம் குறி பார்த்தார். "வா, அருந்ததியைக் காட்டறேன்" என்றார். எங்கள் கல்யாணத்தில் பட்டப்பகலில், மேகம் மூடியிருந்தபோது, ஐயர் விரலை நீட்டி, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்று தலையாட்டினேன். கல்யாணப் பெண் வேறென்ன சொல்வாள். அதனால் நிஜமாகவே பார்க்கப் போகிறோம் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டுக் காட்டுகிறாரே என்றும் இருந்தது.

பார்த்தேன். அருந்ததி தள்ளித் தனியாக நின்றாள். வசிஷ்டரைத் தேடினேன். அந்த இடத்தில் ஒன்று இல்லை, இரண்டு இருந்தது. பெரிதாக ஒன்று, அதை ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒன்று.

"வசிஷ்டருக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கே, அது யாரு?"

"அதுவா, எப்பவும் அங்கதான் இருக்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். அவர் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. நட்சத்திரத்தைப் பற்றித்தான் பேசினார்.

அக்கா எழுந்து வந்து பார்த்தாள். பார்த்ததும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "அட, இந்த ரிஷியும் நம்ம கிராணி தம்பி மாதிரிதானா? ஊருல ஒண்ணு, இங்க..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். "ஐயோ, அடுப்புல சோறு தீஞ்சிடும்" என்று சொல்லி, பலகையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். வடித்துவிட்டு வந்த சோறு எப்படித் தீயும்?

அவர் குனிந்து திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அக்கா யாரைச் சொன்னாங்க?"

"நட்சத்திரத்தை."

"நட்சத்திரத்துக்கு ஊரு ஏது?"

கை நின்றது. "மாமன் மக. கட்டி வச்சாங்க. கொஞ்ச நாள்ல கப்பலேறிட்டேன்" என்றார். பிறகு, "உங்கப்பாவுக்குத் தெரியும். சொல்லித்தான் உன்னைக் கேட்டேன்" என்றார்.

அவர் மேல் வந்த கோபம் அப்படியே அப்பா மேல் திரும்பியது. என் கல்யாண ரவிக்கையைத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்த மனுஷன். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் இது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அழுகை வரவில்லை. கொல்லைக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். அந்த மாதம் முழுக்க அவர் நடந்த அதே நடை.

கடைசியில் அவர் எதிரே வந்து நின்று, "போகப்போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அவ?"

"நான் போகலை. சத்தியமா போகலை. இங்கதான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேறு மாதிரி இருந்தது என்று சொன்னால் பொய். குழாயை அவர் மடக்க, கால்களை நான் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். சாப்பாடு போட்டேன், சாப்பிட்டார். படுத்ததும் தூங்கிவிட்டார். அந்த மாதத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான். நான் புரண்டுகொண்டே கிடந்தேன். அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

விடிவதற்கு முன்னே, பிரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கக் கிளம்பினார். காப்பி குடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, தினமும் செய்கிற மாதிரி வாசற்படியில் நின்று, "வரேன்" என்றார்.

தினமும் "ம்" என்பேன். அன்று வாய் வரவில்லை. அவளிடமும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருப்பார். அவளும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பாள்.