பின்கட்டுக்குப் போன பந்து

என் அக்கா குணமணியின் கணவர் பேரின்பநாயகத்தைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. பிடிவாதக்காரர் என்பது ஒன்று, கிறுக்கர் என்பது மற்றொன்று. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரே வீட்டில் அவரோடு காலம் தள்ளிய மைத்துனி என்ற உரிமையில் சொல்கிறேன், இரண்டும் சரிதான். ஆனால் எவராவது அவரைக் கோழை என்று சொன்னால் சண்டைக்குப் போக நான் இன்றைக்கும் தயார்.

அத்தான் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர். தண்ணீர் இலாகாவில் கிளார்க். கொக்கு மாதிரி நெட்டையாக இருந்தும் ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கூடைப்பந்து விதிகளைக் கரைத்துக் குடித்தவர். போருக்கு முன்பே சீனச் சங்கங்களின் ஆட்டங்களுக்கு அவர்தான் நடுவர். ஹொக்கியன்காரர் கொண்டுவரும் நடுவரைத் தியோச்சுக்காரர் நம்பமாட்டார்கள், தியோச்சு நடுவரை ஹைனான்காரர் நம்பமாட்டார்கள். மூவருக்கும் மாமன் மச்சான் இல்லாத யாழ்ப்பாணத்தாரை எல்லாரும் நம்பினார்கள்.

விதிகளில் ஒன்று அவருக்கு உயிர். ஆடுகளத்தின் நடுவில் ஒரு கோடு. தாங்கள் போடவேண்டிய கூடை இருக்கும் பாதிக்கு ஓர் அணி பந்தைக் கொண்டுவந்துவிட்டால், அதைத் திரும்பத் தன் பாதிக்குக் கொண்டுபோகக் கூடாது. போனால் பந்து எதிரணிக்கு, அவர்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று அதை உள்ளே வீசுவார்கள். எதிரணிக்காரன் மேல் பட்டுப் பின்னால் போயிருந்தால் மட்டும் குற்றமில்லை. இதை அத்தான் வீட்டுக் கணக்கில்தான் சொல்வார்.

"முன்கட்டுக்கு வந்தது பின்கட்டுக்குப் போகக் கூடாது."

அக்கா மரவள்ளிக்கிழங்குத் தட்டை முன்னறைக்குக் கொண்டுவந்து, மிச்சத்தோடு பின்கட்டுக் குசினிக்குத் திரும்பினால், ஊதல் ஊதுவது போலக் கன்னத்தை உப்பிக்கொண்டு எழுந்து நிற்பார். "உங்கட ஊதலை ஒருநாள் அடுப்பில போடுவன்" என்பாள் அக்கா.

ஜப்பான்காரர்கள் பிடித்த சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாறி ஒரு வருடம் கடந்த ஏப்ரல் மாதம். ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு ஃபேரர் பார்க்கில் விளையாட்டு விழா. எல்லா ஆபீஸும் வரவேண்டும் என்று உத்தரவு. நானும் கையில் காகிதக் கொடியோடு வெயிலில் நின்றேன். பட்டாளத்துக் கிடங்கு அணிக்கும் துறைமுகத்துச் சீனப் பையன்களுக்கும் ஆட்டம். வேறு நடுவர் கிடைக்காததால் அத்தானைப் பிடித்து வந்திருந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஜப்பான்காரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். விழாவுக்குப் பொறுப்பான லெப்டினன்ட் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவனாம். அவனுக்கு விதியெல்லாம் அத்துப்படி. பின்னால் நடந்ததற்கு அவனுடைய அறியாமை காரணமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். சீனப் பையன்கள் ஒரு கூடை முன்னால். பந்து ஜப்பான் அணியிடம், அவர்கள் போடவேண்டிய கூடைக்கு அருகில். ஒருவன் அவசரத்தில் வீசிய பந்து, ஆ செங் என்ற சீனப் பையனின் விரலுக்கு மேலாகப் பறந்து, நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. அங்கே நின்ற இன்னொரு ஜப்பான்காரன் அதைப் பிடித்தான். அத்தான் ஊதினார். பந்து சீன அணிக்கு என்று அவர்கள் போடவேண்டிய கூடையின் பக்கம் கையை நீட்டினார்.

ஜப்பான் அணித் தலைவன் கத்தினான். ஆ செங்கின் விரலில் பந்து பட்டதாம். பட்டிருந்தால் குற்றமில்லை, பந்து அவர்களுக்கே.

லெப்டினன்ட் வாள்பிடியில் கை வைத்தபடி நேராக ஆ செங்கிடம் போனான். பட்டதா என்று கேட்டான். முந்தின வருடம் ஜப்பான் பட்டாளம் சீனர்களைச் சலித்தெடுத்து லாரியில் ஏற்றியபோது போன அந்தப் பையனின் அண்ணன்மார் இருவரும் திரும்பவில்லை. பட்டது என்றால் பொய். படவில்லை என்றால் ஜப்பான்காரனைப் பொய்யன் என்றதாகும்.

அத்தான் இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"ஊதினது நான். என்னைக் கேட்கச் சொல்லுங்கோ" என்றார், மொழிபெயர்க்க வந்திருந்த நூர்தீனிடம்.

நூர்தீன் நாகூர்க் குடும்பத்துப் பிள்ளை. டன்லப் ஸ்ட்ரீட்டில் துணிக்கடை. ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய் நாலு வார்த்தை கற்றிருந்தார். நல்ல மனுஷன். லெப்டினன்ட் கேட்ட 'பட்டதா' என்ற அதே கேள்வியை வாங்கிக்கொண்டு அத்தானிடம் வந்தார்.

"அண்ணே, பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாருக்கும் நஷ்டமில்ல. இல்லேன்னா உங்கள சயாமுக்கு ரயில் ரோடு போட ஏத்திடுவான் லா."

"படேல்லை."

"படலைன்னா சொல்றீங்க?"

"ஓம்."

யாழ்ப்பாணத்தார் வாயில் 'ஓம்' என்றால் ஆமாம். நூர்தீனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, லெப்டினன்டிடம் திரும்பி, "ஹை!" என்றார். பட்டதா என்று கேட்டவனுக்கு ஆமாம் என்று பதில் போயிற்று. லெப்டினன்ட் சிரித்தான். பந்து ஜப்பான் அணியின் கைக்குப் போனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, பேசாமல் இருங்கள் அத்தான் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பந்து போன பக்கத்தைப் பார்த்தார் அத்தான். மறுபடி ஊதினார். முன்னைவிடப் பலமாக. கையை அதே பக்கம் நீட்டிக்கொண்டு, மலாயில் கத்தினார்.

"தா கெனா! தா கெனா!"

படவில்லை என்பதற்கான சந்தை மலாய். சியோனானில் காய்கறி வாங்கிய எந்த ஜப்பான்காரனுக்கும் புரியும். லெப்டினன்ட் முதலில் நூர்தீனைத்தான் பார்த்தான். நூர்தீனின் முகம் செத்துவிட்டது. அத்தான் அதையும் விடவில்லை. "அவர்மேல் குற்றமில்லை, நான் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ், அவருக்கு விளங்காது" என்று மலாயிலேயே சொன்னார். அவரது வாழ்நாளில் என் காதுபடச் சொன்ன ஒரே பொய் அதுதான்.

லெப்டினன்டின் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. ஊதலைப் பிடுங்கினான். நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்ததும் லெப்டினன்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோப்பை தன் அணிக்கு என்று அறிவித்தான். இந்த ஆள் காட்டிய கையை அப்படியே காட்டிக்கொண்டு நடுக்கோட்டில் நிற்கட்டும், சீனப் பையன்கள் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்றான். ஒரு சிப்பாயைக் காவல் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

கூட்டம் கலைந்தது. நான் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. செய்தி கேட்டு அக்கா ஓடிவந்தாள். சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள், மாட்டுக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வேலி ஓரத்தில் வந்து நின்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். பந்து யாருக்கு என்று அந்தக் கையே சொன்னது. தான் மாற்றிய அசல் தீர்ப்பை அந்த மூட லெப்டினன்ட் பகல் முழுவதும் ஊருக்குக் காட்ட ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான்.

கை தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. அக்கா அழவில்லை. "விடாதேங்கோ" என்றாள். அடுப்பில் ஊதலைப் போடுவேன் என்றவள்தான்.

வெயில் தாழ்ந்ததும் காவல் சிப்பாய் அத்தானிடம் வந்து, போகலாம் என்று சைகை காட்டினான். அத்தான் தலையை ஆட்டி மறுத்தார். அவன் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினான். அது மறுபடி எழும்பியது.

சிப்பாய்க்குப் புரியவில்லை. ஆ செங்குக்குப் புரிந்தது. ஓரத்தில் கிடந்த பந்தை எடுத்தான். எல்லைக் கோட்டுக்கு வெளியே போய், அத்தானைப் பார்த்து நின்றான். அத்தான் தலையசைத்தார். ஆ செங் பந்தை உள்ளே வீசினான், அவனுடைய ஆள் பிடித்தான்.

அதற்குப் பிறகுதான் அத்தான் கையை இறக்கினார்.