நீலத் தார்ப்பாய் இல்லாத படம்

அந்த வீட்டைப் பற்றி வெளியாட்களிடம் முதலில் வாயைத் திறந்தவன் நான். இதில் யாரைத் திட்டினாலும் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும்.

பாறசாலையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், ஞானஸ்நானம், கோயில் விழா, பாஸ்போர்ட் படம், எது வந்தாலும் எடுப்பேன். போன மழைக்காலத்தில் ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொடுக்கக் குளத்தூருக்குப் போனேன். திரும்பும் வழியில்தான் அந்த வீடு. வீட்டுக்காரி என்னோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்தவள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். கணவர் பஸ் டிரைவர். ஒரே மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தாள்.

மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஈரத்தில் அந்த வீட்டுச் சுவரின் நிறங்கள் எல்லாம் ஆழமாகியிருந்தன. எப்போதோ நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு. அது உதிர்ந்த இடத்தில் அதற்கு முந்தைய மஞ்சள். அதுவும் உதிர்ந்த இடத்தில் வெட்டுகல் என்ற செம்பாறைக் கல்லின் சிவப்பு. அடியில், ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் தெறித்துத் தெறித்து முழங்கால் உயரத்துக்கு ஒரு செம்மண் பட்டை. வண்டியை நிறுத்திவிட்டுக் கேமராவை எடுத்தேன். கதவை நடுவில் வைக்காமல் இடப்பக்கம் ஒதுக்கி, மீதி இடம் முழுவதையும் சுவருக்குக் கொடுத்தேன். மேலே கூரையில் பாதி ஓடு ஒழுகுகிறதென்று நீலத் தார்ப்பாய் விரித்து, பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்திருந்தார்கள். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அவை இருந்தபடியே படத்தில் இருந்தன.

அடுத்த மாதம் கேமராவைப் பழுதுபார்க்கத் திருவனந்தபுரம் போனேன். கடையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவருக்குப் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் அங்கே ஒரு புகைப்படக் குழுவை நடத்துகிறவர், கண்காட்சி எல்லாம் வைக்கிறவர். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"காம்போசிஷன் நன்றாக இருக்கிறது சேட்டா. ஆனால் இந்த நீலம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது" என்றார் மலையாளத்தில். "எந்த ஊர்?"

இருபது வருடம் மணமக்களையும் பாஸ்போர்ட் முகங்களையுமே எடுத்தவனை ஒரு பெரிய ஆள் பாராட்டுகிறார். ஊரைச் சொன்னேன். வழியைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானே கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னேன்.

எட்டுப் பேர் வந்தார்கள். காலை எட்டு மணி வெயில் சுவரில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு வெடிப்பையும் எழுப்பிக் காட்டியது. என் பள்ளித்தோழி எல்லோருக்கும் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அந்தப் புகைப்படக் குழுக்காரர் கூரையைக் காட்டி என்னிடம், "சேட்டா, ஆ நீலம் ஒந்நு மாற்றாமோ?" என்றார். அந்த நீலத்தைக் கொஞ்சம் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

அவர் கேட்டது தொழில்ரீதியாகத் தவறில்லை. படத்தின் சட்டத்துக்குள் எது அதிகம் துலங்குகிறதோ அங்கேதான் கண் முதலில் போகும். தார்ப்பாயின் பளீர் நீலத்துக்குப் பக்கத்தில் சுவரின் வெளிறிய நீலம் செத்துப்போகும். இதெல்லாம் எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், நானே ஏணியை வைத்து ஏறிச் செங்கல்லை எடுத்துத் தார்ப்பாயைச் சுருட்டினேன். ஸ்கூட்டரைப் பின்பக்கம் தள்ளினேன். கொடியில் காய்ந்த நைட்டிகளைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "கதவை அடைச்சிட்டு இத்திரி நேரம் உள்ள இரி" என்று அவளிடம் சொன்னவனும் நான்தான்.

"எனக்க வீட்டுல நானே ஒளிஞ்சு இருக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

போகும் முன் தார்ப்பாயைத் திரும்ப விரித்தேன். ஓடு ஒன்று என் முட்டிபட்டு உடைந்திருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "அடடா" என்றார். காரில் ஏறினார்.

மூன்று வாரம் கழித்து அவர் அன்றைக்கு எடுத்த படம் இணையத்தில் வந்தது. நல்ல படம், இல்லையென்று சொல்லமாட்டேன். சுவரின் சிவப்பை இன்னும் கொஞ்சம் கூட்டி, வெளிச்சத்தைக் குறைத்திருந்தார். தலைப்பு 'ஆளொழிஞ்ஞ வீடு'. ஆள் இல்லாமல் போன வீடு. கீழே ஊர்ப்பெயர், வழி, எனக்கு ஒரு நன்றி. என் பெயரைப் பார்த்து, வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அந்தத் தலைப்பைப் படித்தும் சந்தோஷப்பட்டேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம் என் பள்ளித்தோழியிடமிருந்து போன் வந்தது. கத்தவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

"எலே, நீ இப்பம் இஞ்ச வரணும்."

போனேன். மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தாய் தைத்த துணியைக் கொடுக்கப் பக்கத்து ஊரான செங்கல் வரை போயிருந்த நேரம். மகள் குளித்துவிட்டு உள்ளறையில் தலை துவட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். சாத்தியிருந்த அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு ஆண்கள் கேமராவோடு நேராக உள்ளே வந்துவிட்டார்கள். அவள் அலறியதும் ஒருவன் "அய்யோ, ஆள் உண்டோ!" என்றிருக்கிறான். படத்தைப் பார்த்து வந்தோம், யாரும் இல்லாத வீடு என்று போட்டிருந்தது என்றிருக்கிறான். அத்தோடு போயிருந்தால் தெரியாமல் வந்தவர்கள் என்றாவது சொல்லலாம். மற்றவன் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "மோள் ஒரு நிமிஷம் அந்த ஜன்னல் பக்கம் நிற்பியா?" என்று கேட்டிருக்கிறான். ஈரத் தலையோடு, துண்டோடு நடுங்கி நிற்கும் பிள்ளையிடம்.

அவள் அரிவாள்மணையைத் தூக்கியிருக்கிறாள். பிறகுதான் போனார்கள்.

"நாங்க இஞ்ச ஜீவிக்கியோம்" என்றாள் தாய் என்னிடம். "கரண்டு பில்லு வருது, ரேஷன் வாங்குறோம். ஆளில்லாத வீடுன்னு எவன் எழுதினான்? நீயாக்கும் அவனுவளைக் கூட்டிட்டு வந்தே. எனக்க துணியக் கொடியில இருந்து எடுத்தது நீயாக்கும்."

வெளியே வந்து அந்தப் புகைப்படக்காரருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நடந்ததை எழுதி அனுப்பினேன். படித்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அப்போது அவருடைய கண்காட்சி திருவனந்தபுரத்தில் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை பாறசாலையில் ரயில் ஏறினேன். வழிநெடுக என் கை முஷ்டியாகவே இருந்தது.

கூடத்தில் அந்தச் சுவர் என் உயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா சேட்டா! இதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்" என்றார்.

"அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது."

"உன் மெசேஜ் பார்த்தேன். கஷ்டம்தான். நாகரிகம் இல்லாதவர்கள். ஆனால் அதற்கு நான் என்ன செய்ய?"

"நீங்கள் சாயா குடித்த வீடு இது. ஆள் இல்லை என்று எப்படிப் போட்டீர்கள்?"

"அது தகவல் இல்லை, ஒரு ஃபீல். ஸ்கூட்டரும் தார்ப்பாயும் ஆட்களும் இருந்தால் பத்திரிகைச் செய்தி. அதை எல்லாம் எடுத்த பிறகுதான் படம். உனக்குப் புரியும், நீதானே எடுத்துத் தந்தாய்?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது. அது உண்மை என்பதால். தரையில் கிடந்த கழிவைச் சுட்டிக்காட்டி, இது நீ போட்டது என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. என் கையைப் பிடித்து அதில் வைத்து அழுத்தியதுபோல் இருந்தது.

அடிக்கவில்லை. படத்தின் கீழே ஒட்டியிருந்த தலைப்பு அட்டையைப் பிய்த்து எடுத்தேன். பசை சுவரின் பெயிண்டையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. "சுவர் உதிர்ந்தால் உங்களுக்குப் பிடிக்குமே, இதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காவலாளி என் தோளில் கை வைத்தபோது நானே நடந்து வெளியே வந்தேன்.

இரண்டு நாளில் இணையத்தில் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டார். தலைப்பை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் வழி தெரிந்தவர்கள் தெரிந்தவர்கள்தானே. அடுத்தடுத்த ஞாயிறுகளில் வண்டிகள் வந்து நின்றன. என் பள்ளித்தோழியின் கணவர் லீவு போட்டு வாசலில் உட்கார்ந்தார். எத்தனை நாள் உட்கார முடியும்?

கடைசியில் அவளே முடிவு செய்தாள். மழை முழுதாக ஓய்ந்ததும், பாறசாலையிலிருந்து பெயிண்ட் வாங்கிவரச் சொன்னாள். கிளிப்பச்சை. ஜன்னல் விளிம்புக்கு ஆரஞ்சு. கடையில் இருந்ததிலேயே கண்ணைக் குத்தும் நிறங்கள்.

"எலே, நீயும் வா. ஏணி ஏற உனக்கு நல்லாத் தெரியுமே" என்றாள். போனேன்.

முதலில் இரும்புப் பிரஷால் சுவரைச் சுரண்ட வேண்டியிருந்தது. நீலம் என் முகத்தில் பொடியாக விழுந்தது. பிறகு மஞ்சள். நான் எடுத்த படத்தில் எந்த இடத்தில் எது இருந்தது என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். இப்படி ஒரு சுவர் இனி கிடைக்காதே என்று மனசுக்குள் ஒருவன் அழுதான். ஒரு பெண்பிள்ளை நிம்மதியாகக் குளிக்க முடியாமல் கிடக்கும் வீட்டில் நின்று சுவருக்கு அழும் அவனை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பலமாகச் சுரண்டினேன்.

"சுண்ணாம்புச் சுவருல இந்தப் பெயிண்ட் நிக்காது. ஒரு வருசத்துல உதிரும்" என்று சொன்னேன்.

"உதிரட்டு. அடுத்த வருசம் ரோஸ் அடிப்போம்" என்றாள் மகள், உள்ளேயிருந்து. நடந்ததற்குப் பிறகு என் காதில் விழும்படி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. என்னிடம் என்று சொல்ல முடியாது. தாயிடம்தான் சொன்னாள்.

சாயங்காலம் பச்சை முழுதும் ஏறிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. அவளுடைய கணவர் தெருவில் போய் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்து, "இனி ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். அப்படியே ஆனது. அடுத்த ஞாயிறு ஒரு பைக் வந்து வேகத்தைக் குறைத்து, தயங்கி, போய்விட்டதாம்.

நான் எடுத்த அந்த முதல் படம் இன்னும் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருக்கிறது. அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அழிக்கவில்லை. பொய் சொன்ன கோபமும் என்மேல்தான் இருக்கிறது.